குரம்பை, குடில், கொட்டில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறிய வீடுகளையும் எளிய உறைவிடங்களையும் குறிக்கும் தமிழ்ச் சொற்களைப் பற்றி வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: குடில், குடிசை, குரம்பை ஆகிய மூன்றுக்கும் வகுப்பில் ‘சிறு வீடு’ என்றே பொருள் சொல்லி வருகிறேன். மாணவர்கள் வேறுபாடு கேட்கிறார்கள். வேறுபாடு உண்டா? (தமிழாசிரியை, கரூர்)

உண்டு. அகராதிகள் இம்மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருளாகத் தருவதால் நமக்கு அது தெரியாமல் போகிறது. அச்சொற்கள் வரும் இடங்களைப் பார்த்தால் விளங்கும். அதற்குப் பத்துப்பாட்டில் உள்ள பெரும்பாணாற்றுப்படையைவிடப் பொருத்தமான நூல் கிடைப்பது அரிது. தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்லுகிறான். எந்த நிலத்தில் எத்தகைய மக்கள் இருப்பார்கள், அவர்கள் வீடு எப்படி இருக்கும், என்ன சோறு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறான். அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் கண், ஏறத்தாழ ஒவ்வொரு நிலத்திலும் கூரையின் மேல் சென்று நிற்கிறது.

பாலை நிலத்து வேட்டுவராகிய எயினரின் வீடு ‘ஈத்திலை வேய்ந்த எய்ப்புறக் குரம்பை’. எய் என்பது முள்ளம்பன்றி. ஈச்ச ஓலையின் கூரிய நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூரையை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்த உவமை எவ்வளவு சரியானது என்று தெரியும். அக்குரம்பைக்குள் அண்மையில் பிள்ளை பெற்றவள் மான்தோல் விரிப்பில் குழந்தையோடு முடங்கிக் கிடக்க, ஏனைய பெண்கள் புல்லரிசி தேடி நிலத்தைக் கிளறப் போகிறார்கள். வலைஞரின் வீடும் குரம்பையே. வேழக் கோல்களை நிரைத்து, வெண்ணிறக் கொம்புகளை இடையிடையே கலந்து, தாழை நாரால் முடிந்து, தருப்பைப் புல் வேய்ந்த அந்த வீட்டின் இறப்பு, அதாவது கூரையின் கீழ்விளிம்பு, தாழ்ந்திருக்கும். முற்றத்தில் மீன்பிடிக்கும் பறி கிடக்கும். ஆனால் அதே பாட்டில், உலக்கையால் அவல் இடிக்கும் ஓசை கேட்கும் வீட்டைப் புலவர் ‘புதுவை வேய்ந்த கவிகுடில்’ என்கிறார். வை என்பது வைக்கோல். அவ்வாண்டு அறுவடையின் புது வைக்கோல். காட்டிலும் கரையிலும் கிடைத்த இலையையும் புல்லையும் கொண்டு ஒப்பேற்றியது குரம்பை; விளைச்சலை நம்பி ஓரிடத்தில் ஊன்றியவரின் வீடு குடில். இந்த எல்லை எல்லாப் பாட்டிலும் பிசகாமல் நிற்கிறது என்று சொல்ல மாட்டேன். இந்தப் பாட்டில் அது தெளிவாகவே இருக்கிறது.

பிற்காலத்தில் இரண்டு சொற்களும் உடம்புக்கு ஆகி வந்தன. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் ‘மலஞ்சோரும் ஒன்பது வாயிற் குடிலை’ என்று பாடியவர், அதே பாட்டின் இறுதிப் பகுதியில் ‘கள்ளப் புலக்குரம்பைக் கட்டழிக்க வல்லானே’ என்கிறார். கட்டழித்தல் என்ற வினையை மாணவர்களுக்குக் கட்டாயம் சுட்டிக்காட்டுங்கள். குரம்பைக்கு ஆணி கிடையாது. கயிறோ நாரோ கொடியோ கொண்டு கட்டுவதுதான். கட்டை அவிழ்த்தால் வீடே இல்லை. இன்றும் கல்லையும் சிமெண்டையும் கொண்டு எழுப்புகிற வீட்டை நாம் ‘கட்டுகிறோம்’ என்றுதான் சொல்லுகிறோம்.

குடிசை என்பது குடி என்ற வேரிலிருந்து வந்த, இக்காலத்தில் மிகவும் பரவிவிட்ட சொல். திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதியைத் தொகுத்த பர்ரோவும் எமனோவும் வடமொழியின் குடீ, குடீரம் ஆகிய சொற்களையும் இவ்வேரோடு ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். இன்றைய வழக்கில் குடிலுக்கும் குடிசைக்கும் இடையே விழுந்துவிட்ட இடைவெளி எனக்கு வருத்தம் தருவது. முனிவர் இருந்தால் குடில்; கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மாட்டுத் தொழுவத்தை அமைத்தால் குடில்; மலைவாசத் தலத்தில் பணம் கொடுத்துத் தங்கினால் அதுவும் குடில். கூலிக்குப் போகிறவர் இருந்தால் மட்டும் குடிசை. மாணிக்கவாசகர் இழிவாகச் சொன்ன சொல் உயர்ந்ததும் மற்றது தாழ்ந்ததும் குடியிருந்தவரைப் பொறுத்து நடந்தவை.

கேள்வி: எங்கள் ஊரில் ‘கூரை மேய்தல்’ என்பார்கள். ‘வேய்தல்’ என்று எழுத வேண்டும் என்று என் மகள் திருத்துகிறாள். ‘வரிச்சு’ என்ற சொல்லும் தூய தமிழ்தானா? (வாசகர், ஒரத்தநாடு)

மகள் சொல்வதும் சரி, உங்கள் ஊர் வழக்கும் சரி. எழுத்தில் வேய்தல், பேச்சில் அது மேய்தல் ஆயிற்று. கீற்று முடைந்து கூரை போடத் தெரிந்தவர்கள் மேய்தல் என்றே சொல்லுகிறார்கள். அவர்கள் வாயில் வந்த சொல்லைப் பிழை என்று தள்ளத் தேவையில்லை.

வரிச்சு கம்பனிலேயே இருக்கிறது. சித்திரகூடத்தில் இராமனுக்கும் சீதைக்கும் இலக்குவன் சாலை அமைக்கும் பகுதியை, வீடு கட்டுகிறவர் ஒருவர் படித்தால் வேலை நடக்கும் வரிசையிலேயே பாட்டு போவதைக் கண்டுகொள்வார். மூங்கிலைத் துண்டு துண்டாக வெட்டிக் கால் நடுகிறான். மேலே நீண்ட முகட்டை ஓடவிடுகிறான். கைமரங்களை முறையாக ஏற்றிக் கட்டுகிறான். அவற்றின் மேல் எங்கும் வரிச்சு விரித்துப் பிணிக்கிறான். அதற்குப் பிறகே கூரை. முதலில் தேக்கிலையை அடர்த்தியாகப் பரப்பி, அதன்மேல் பூத்த நாணற்புல்லை வேய்கிறான். பிறகு சுற்றிலும் மூங்கிலால் சுவர் நிறுத்தி, மண்ணை எறிந்து அப்பி, நீர்விட்டுப் பூசி மெழுகுகிறான். கைமரங்களுக்குக் குறுக்கே, கீற்றையோ புல்லையோ தாங்குவதற்காக நெருக்கமாக வைத்துக் கட்டும் மெல்லிய கம்பே வரிச்சு. உங்கள் ஊரில் மூங்கில் பிளாச்சையோ சவுக்குக் குச்சியையோ அதற்குப் பயன்படுத்துவார்கள். சொல்லும் வேலையும் மாறவில்லை.

அந்த வீட்டைப் பார்த்த இராமனுக்குக் கண் கலங்குகிறது. ‘என்று கற்றனை நீ இதுபோல்’ என்று தம்பியைக் கேட்கிறான். அரண்மனையில் வளர்ந்தவன் கையில் இந்தத் தொழில் எப்படி வந்தது என்ற வியப்பும், தன் பொருட்டு அவன் இதைச் செய்ய நேர்ந்ததே என்ற துயரமும் அந்த ஒரு கேள்வியில் இருக்கின்றன. அதற்கு முன்பே ‘தாவில் எம்பி கை சாலை சமைத்தன, யாவை யாதும் இலார்க்கு இயையாதவே’ என்று மனத்துக்குள் எண்ணிவிட்டான். ஒன்றும் இல்லாதவருக்கு எதுதான் கைகூடாது என்பது பொருள். குடிசை கட்டும் வேலையைத் திறமை வேண்டாத வேலை என்று நினைப்பவர்கள் இப்பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

கேள்வி: பனங்காட்டில் நாங்கள் ‘விடிலி’ என்று சொன்னது என் பேரப்பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. குடிசை என்று சொல் தாத்தா என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? (வாசகர், உடன்குடி)

ஒன்றல்ல. விடிலி என்பது பனந்தொழிலின் வீடு. பதநீர் இறக்கும் பருவத்தில் பனைகளுக்கு நடுவிலேயே, பனையோலையால் கூரையும் மறைப்பும் வைத்து, குனிந்து நுழையும்படி அமைப்பது. உள்ளே பெரும்பகுதி அடுப்புக்கே போய்விடும். காலையில் இறக்கிய பதநீர் புளிப்பதற்குள் காய்ச்சியாக வேண்டும் என்பதால் அடுப்பு மரத்துக்கு அருகில் இருப்பது கட்டாயம். விடிலி பிறந்த காரணம் அதுதான். ஆண்கள் மரம் ஏற, பெண்கள் அந்த வெக்கையிலும் புகையிலும் நின்று கிண்டிப் பாகு பதம் பார்த்துச் சிரட்டைகளில் ஊற்றி எடுப்பார்கள். உங்கள் ஊர்க் கருப்பட்டிக்கு இருக்கும் பெயரில் பாதி அந்தப் பெண்களுடையது. பருவம் முழுதும் குடும்பமே அங்கு தங்கினாலும் அது வீடும் பட்டறையும் சேர்ந்த ஓர் இடம். குடிசை என்று சொன்னால் அடுப்பு மறைந்துபோகும். பேரப்பிள்ளைகளிடம் விடிலி என்றே சொல்லுங்கள். இயன்றால் ஒருமுறை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இப்படித் தொழிலோடு ஒட்டிப் பிறந்த பெயர்கள் இன்னும் உள்ளன. கொங்கு நாட்டில் ஊருக்குள் இருப்பது வீடு, தோட்டத்தில் இருப்பது சாளை. ‘தோட்டத்துச் சாளையில் இருக்கிறார்’ என்றால் கிணற்றுக்கும் மாட்டுக்கும் அருகில் காவலாகக் குடியிருக்கிறார் என்று கோவை, ஈரோட்டுக்காரர்களுக்கு உடனே விளங்கும். கடற்கரை மாவட்டத்தாருக்குச் சாளை என்றால் மீன்தான் நினைவுக்கு வரும். கடலோரத்தில், பருவத்துக்கு ஏற்ப இடம் மாறும் மீனவர்கள் தங்கவும், வலையை வைக்கவும், மீனைக் காயவைக்கவும் அமைப்பது வாடி. மன்னார்ப் பக்கம் இச்சொல் இன்றும் அன்றாட வழக்கில் இருக்கிறது. சென்னையில் அது விறகுவாடி, மரவாடி என்று விற்பனை இடத்துக்குப் பெயராகிவிட்டது. தினைப்புனம் காக்கும் பரணைக் குறிஞ்சிப்பாட்டு ‘புலியஞ்சு இதணம்’ என்கிறது. புலியும் அஞ்சும் உயரத்தில் மரத்தின் மேல் அமைத்தது என்பதால் அந்த அடை.

கேள்வி: வேலைக்காக ஆண்டுக்கொரு வாடகை அறை மாற வேண்டியிருக்கிறது. தற்காலிக இருப்பிடத்துக்குப் பழந்தமிழில் ஒரு சொல் உண்டா? (வாசகி, சென்னை)

அழகான சொல் ஒன்று உண்டு: துச்சில். ‘புக்கில் அமைந்தின்று கொல்லோ உடம்பினுள் துச்சில் இருந்த உயிர்க்கு’ என்பது நிலையாமை அதிகாரத்தின் கடைசிக் குறள் (340). புக்கில் என்பது புகுந்தபின் நிலைத்திருக்கும் வீடு. துச்சில் என்பது பிறர் இடத்தில் ஒதுங்கி இருப்பது. உடையவர் போ என்றால் போக வேண்டிய இருப்பு அது. இவ்வுவமையை வள்ளுவர் எடுத்தாள முடிந்தது என்றால், வாடகை இருப்பின் சங்கடம் அக்காலத்து மக்களுக்கும் தெரிந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

கேள்வி: ஈழத்து எழுத்துகளில் கொட்டில், கிடுகு, செத்தை, தறப்பாள் என்ற சொற்கள் வருகின்றன. தமிழ்நாட்டில் கொட்டில் என்றால் மாடு கட்டும் இடமல்லவா? (வாசகர், திருச்சி)

ஈழத்தில் மாட்டுக்கும் கொட்டில், மனிதருக்கும் கொட்டில். அங்கே ஒருவர் ‘கொட்டில் போட்டு இருக்கிறோம்’ என்று சொன்னால் அதில் தாழ்வு இல்லை. கிடுகு என்பது முடைந்த தென்னோலை; நாம் கீற்று என்பது. அந்தக் கிடுகை நிறுத்திக் கட்டிய மறைப்புச் சுவர் செத்தை. பெரும்பாணாற்றுப்படை இடையர் குடியிருப்பைச் சொல்லுமிடத்தில் ‘செற்றை வாயில்’ என்று ஒரு தொடர் இருக்கிறது. தழையும் குச்சியும் கொண்டு அடைத்த வாயில். நாம் நூலில் மட்டும் படிக்கும் செற்றை, யாழ்ப்பாணத்து அடுக்களையில் செத்தையாக நின்றுகொண்டிருக்கிறது.

தறப்பாள் நாம் தார்ப்பாய் என்று சொல்வதுதான். 2009-இல் போர் முடிந்தபின் வன்னி மக்கள் முகாம்களில் அடைபட்டிருந்து, பின்பு தம் ஊர்களுக்குத் திரும்பியபோது பலருக்கு வீடு இருந்த இடத்தில் அடித்தளம்கூட எஞ்சவில்லை. அங்கே தறப்பாளைக் கூரையாகக் கட்டி எழுந்தவைதான் தறப்பாள் கொட்டில்கள். ஓலைக்கு வெயிலைத் தணிக்கும் குணம் உண்டு, தறப்பாளுக்கு இல்லை. பகலில் உள்ளே இருக்க முடியாது. மாரியில் நீர் தேங்கிக் கூரை தொங்கும். சில மாதத்துக்கு என்று கட்டியதில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் உண்டு.

இலங்கை மலையகத்துச் சொல்லையும் இங்கே சேர்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளருக்காக வெள்ளைக்காரத் துரைமார் ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்துக் கட்டிய அறைகளை மக்கள் லயம் அல்லது லயன் என்றார்கள். ஆங்கிலத்தில் வரிசையைக் குறிக்கும் சொல் அது. குதிரை லாயத்துக்கும் இதற்கும் பிறப்பில் தொடர்பு இல்லை, பட்ட பாட்டில்தான் உண்டு. அறைக்குக் காம்பரா என்று பெயர்; அது போர்த்துக்கீசியச் சொல். முன்னால் உள்ள சிறு திண்ணைப் பகுதி இஸ்தோப்பு. அது டச்சுக்காரர் விட்டுச்சென்ற சொல். 10 அடிக்கு 12 அடி என்று சொல்லப்படும் ஒரு காம்பராவில் சமையல், உறக்கம், பிள்ளைப்பேறு, சாவு எல்லாம் நடந்தன. இன்று மலையக மக்கள் தம் கோரிக்கையைத் ‘தனி வீடு’ என்ற இரண்டே சொல்லில் வைக்கிறார்கள். சுவரைப் பிறரோடு பங்கிட்டுக்கொள்ளாத வீடு, அதற்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் என்பது அதன் உட்பொருள்.

கேள்வி: முருகன் கோயில்களைப் ‘படைவீடு’ என்பது ஏன்? (வாசகர், பழனி)

படைவீடு என்பது போருக்குச் சென்ற படை தங்கும் பாசறை. சூரனோடு போரிட்ட தெய்வம் என்பதால் முருகனின் இடங்களுக்கு அப்பெயர் பொருந்துகிறது. ஆற்றுப்படை வீடு என்பதே ஆறுபடைவீடு ஆயிற்று என்று கருதுவோரும் உண்டு. பாசறைக்குப் பாடி என்றும் பெயர். முல்லைப்பாட்டு, காட்டை வெட்டி முள்வேலி வளைத்து அமைத்த பாசறையைக் கடல்போல் ‘பரந்த பாடி’ என்றும், அதன் தெருக்களில் ‘உவலைக் கூரை’, அதாவது தழை வேய்ந்த கூரைகள் வரிசையாக இருந்தன என்றும் சொல்கிறது. வயநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்குப் பாடி என்றே பெயர் வழங்குகிறது.

கேள்வி: குடிசை என்று எழுதினால் அங்கே வாழ்பவர்களை இழிவுபடுத்துவதாகும் என்று நண்பர் சொல்கிறார். அரசும் வாரியத்தின் பெயரை மாற்றிவிட்டதே. அச்சொல்லைக் கைவிட வேண்டுமா? (வாசகர், விழுப்புரம்)

கைவிட வேண்டாம், ஆனால் பெயர்மாற்றத்துக்கு நியாயம் இருந்தது. 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 1971-இல் அதற்கான சட்டம் வந்தது. 2021-இல் அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. தவறு தொடக்கத்தில் மொழிபெயர்ப்பில் நேர்ந்தது. நகரத்தில் நெருக்கடியும் சாக்கடையும் குடிநீர்த் தட்டுப்பாடும் உள்ள பகுதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குக் ‘குடிசைப் பகுதி’ என்று எழுதிவிட்டோம். அதன்பின் சிற்றூரில் மண்சுவரும் நல்ல முற்றமும் உள்ள கூரை வீடும் நகரத்து நெரிசலும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டன. மாறாக, குடிநீரும் கழிவுநீர் வசதியும் சரியாக இல்லாத அடுக்குமாடிக் கட்டடம், கூரை காங்கிரீட் என்ற ஒரே காரணத்தால் அச்சொல்லிலிருந்து தப்பித்துக்கொண்டது. கூரைப் பொருளை வைத்து வாழ்க்கைத் தரத்தை அளந்ததால் வந்த குழப்பம் இது.

அதே நேரத்தில், குடிசையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள்மேல் எனக்கு உடன்பாடு இல்லை. கீற்றுக் கூரையை அடிக்கடி மாற்றாவிட்டால் ஒழுகும். கோடையில் ஒரு பொறி பட்டால் வரிசையே எரிந்துபோகும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் உயிர் பிழைக்க ஒரு சிறு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர், அது கொளுத்தப்பட்டதால் அங்கேயே எரிந்து மாண்டார்கள். அந்த மக்களின் பிள்ளைகள் கல்வீடு வேண்டும் என்று கேட்கும்போது ஓலையின் குளிர்ச்சியைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024-இல் அரசு அறிவித்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் காங்கிரீட் வீடுகளை இலக்காகக் கொண்டது, வீடொன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய். குடிசையில்லாத் தமிழ்நாடு என்பது அதன் முழக்கம். அது நிறைவேற வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். எழுதும்போது மட்டும், குடியிருப்பின் நிலையைச் சொல்ல வேண்டுமானால் நெரிசலை, நீரின்மையை, சாக்கடையைப் பெயர் சொல்லியே எழுதுங்கள். கூரையைச் சொல்ல வேண்டுமானால் ஓலை வீடு, கூரை வீடு, ஓட்டு வீடு என்று எழுதுங்கள். குடிசை என்பது வசைச்சொல் ஆகாமல் இருக்க அது ஒன்றே வழி.

கேள்வி: ‘சிற்றில்’ என்பது சிறுமியர் கட்டும் மணல்வீடா, உண்மையான வீடா? (மாணவி, மதுரை)

இரண்டும்தான். புறநானூற்றின் 86-ஆம் பாட்டில் காவற்பெண்டு என்ற புலவர், ‘சிற்றில் நற்றூண் பற்றி’ நின்று உன் மகன் எங்கே என்று கேட்டவளுக்கு விடை சொல்கிறாள். அங்கே அது தூண் உள்ள உண்மையான சிறு வீடு. சிலப்பதிகாரத்தில், உங்கள் மதுரைக்கு வெளியே மாதரி கோவலனையும் கண்ணகியையும் குடிவைத்ததும் சிற்றிலே: செம்மண் பூசிய, பந்தல் போட்ட ‘காவற் சிற்றில்’. ஆண்பால் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில் வருவது சிறுமியர் இழைத்த மணல்வீடு. அதைச் சிதைக்காதே என்று அவர்கள் பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையிடம் கெஞ்சுவார்கள். ‘சிற்றில் சிதையேலே’ என்று ஆண்டாள் கண்ணனிடம் கேட்பதும் இவ்வீட்டைத்தான். தேர்வில் கேட்டால் ‘இழைத்தல்’, ‘சிதைத்தல்’ என்ற வினைகள் உடன்வருகின்றனவா என்று பாருங்கள், வந்தால் மணல்வீடு.